ஊர் பெயர் வராவிட்டால் சிவகாசி

1

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் சூரிய உதயம் எத்தனை மணி என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பார்த்திருக்க மாட்டீர்கள். ராகு காலம் பார்ப்போம், நல்ல நேரம் பார்ப்போம், சந்திராஷ்டமம் நமக்கா மாமியாருக்கா என்று பார்ப்போம். சூரியன் எப்போது உதிக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் அச்சடித்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஆறு மணிவாக்கில் வரும், சாயங்காலம் ஆறு மணிவாக்கில் போகும். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நான் இருப்பது நார்வே நாட்டின் நடுவில், ட்ரோன்ஹைம் என்ற ஊரில். இங்கே சூரியனை நம்பி ஒரு வாக்கும் கொடுக்க முடியாது. ஜூன் மாதம் விடியற்காலை மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துகொண்டு ராத்திரி பதினொன்றரை வரை எழுந்து போகாது. டிசம்பரில் பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு இரண்டரை மணிக்கே மூட்டை கட்டிவிடும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. இப்போது பழகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சிவகாசியிலிருந்து பார்சல் வந்தது. என் தங்கச்சி மீனா அனுப்பியது. உள்ளே அடுத்த வருடத்துக்கான தினசரி காலண்டர்கள் மூன்று, மாதிரிக்காக முதலில் ஒட்டி முடித்தவை. அட்டையில் முருகன், அவர் காலடியில் இங்கே இருக்கும் தமிழ்க் கடையின் பெயர், அதற்கும் கீழே 'ட்ரோன்ஹைம் நேரப்படி கணிக்கப்பட்டது' என்று சிவப்பு எழுத்து. எங்கள் அச்சகத்து மை வாசனைகூட இன்னும் போகவில்லை. நான் பிறந்த ஊரில் அச்சடித்த அட்டையில் நான் வாழும் ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு காலண்டருக்கா அழுவாய் என்று கேட்காதீர்கள், அழுதேன்.

என் மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் ஒரு காலண்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிறந்தநாள் தாளைத் தேடினாள். டிசம்பர் நடுவில் பிறந்தவள். 'எல்லாருக்கும் வெளிச்சத்தில பிறந்தநாள் வருது, எனக்கு மட்டும் ஏன் இருட்டில வருது' என்பது வருடா வருடம் எங்கள் வீட்டில் நடக்கும் வழக்கு. தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சமையலறையில் நான் தேநீருக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இது பிழை."

"எது?"

"சூரிய உதயம் ஆறு இருபத்தஞ்சு எண்டு போட்டிருக்கு. அந்த நேரம் இங்க நல்ல இருட்டு. மறையிறதும் ஆறு மணியாம்." சொல்லிவிட்டு ஜன்னலைக் கையால் காட்டினாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. எதிர்வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள், தெருவிளக்கும் எரியத் தொடங்கியிருந்தது.

நான் ஜனவரியைப் பிரித்தேன், ஜூனைப் பிரித்தேன், செப்டம்பரைப் பிரித்தேன். வருடம் முழுக்கச் சூரியன் ஒழுங்காக ஆறு மணிவாக்கில் உதித்துக்கொண்டிருந்தது. அட்டை ட்ரோன்ஹைம், தாள் சிவகாசி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

2

இந்தக் காலண்டர் எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன்.

விஸ்வநத்தம் போகிற பாதையில் எங்கள் அச்சகம் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்தது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் காலண்டர். அப்பா போன பிறகு சித்தப்பா ஒற்றை ஆளாக நடத்துகிறார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்: சீசனில் மிஷின் நிற்கக் கூடாது. ஆயுத பூசை அன்று நிற்கும், அதோடு சரி. ஓட்டுகிறவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் வந்து நிற்பார். அப்பா காலமானதும் ஒரு டிசம்பரில்தான். அன்றைக்குக்கூடப் பக்கத்து அச்சகத்து ஆட்களை வரவழைத்து ஓடிக்கொண்டிருந்த வேலையை ஓட்டி முடிக்கச் சொல்லிவிட்டுத்தான் சித்தப்பா சுடுகாட்டுக்கு வந்தார். அதை எங்கள் வீட்டில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மீனா அங்கே கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். முன்பு பேப்பர் அடுக்கும் அறை அது. வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்கு அந்தந்த ஊர் நேரப்படி காலண்டர் போடலாம் என்பது அவள் யோசனை. சித்தப்பாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "வெளிநாட்டு ஆர்டரெல்லாம் ஆத்துல போற தண்ணி. ஒரு சீசன் பாரு. சரியா வரலைன்னா அந்த ரூம்புல பளையபடி பேப்பர அடுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். அந்த அறை போனால் மீனாவுக்கு அச்சகத்தில் வேறு வேலை கிடையாது.

மூன்று கடைகள் ஆர்டர் கொடுத்தன. ட்ரோன்ஹைமில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று, பினாங்கில் ஒன்று. எல்லாமே கடைசி நேரத்தில் வந்தவை, விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். ஒரு வருடத்துத் தாள்கள் அத்தனைக்கும் நேரம் கணித்துப் பக்கம் கட்டுவதைக் கையால் செய்தால் பொங்கல் வந்துவிடும். அங்கேதான் நான் நுழைந்தேன். இங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் பில்ட் சர்வர் என்று ஒன்றைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லி வைத்துவிட்டால் அது ஆள் துணையில்லாமல் செய்து முடித்து, நல்லபடி முடிந்தால் பச்சை விளக்குக் காட்டும், இல்லாவிட்டால் சிவப்பு. மீனாவுக்கும் அதே மாதிரி ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். முதல் வேலை, ஆர்டரைப் படித்து அட்டை தயாரிப்பது. இரண்டாவது வேலை, அந்த ஊருக்கு நேரங்களைக் கணித்துத் தாள்களைக் கட்டுவது. மூன்றாவது, எல்லாவற்றையும் சேர்த்து அச்சுத் தட்டுக்கு அனுப்புவது.

ராகு காலம் கணிப்பது எனக்குப் பெரிய விளையாட்டாக இருந்தது. பகல் பொழுதை எட்டாக வகுத்து அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம், அதனால் ராகு காலம் ஒன்றரை மணி நேரம், திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. இந்தக் கணக்கு எந்தக் குழந்தைக்கும் மனப்பாடம். ட்ரோன்ஹைமில் டிசம்பர் திங்கட்கிழமை அரை மணி நேரத்தில் ராகு வேலையை முடித்துவிடுவார். ஜூனில் இரண்டரை மணி நேரம், ஓவர்டைம். இன்னும் வடக்கே போனால் குளிர்காலத்தில் சில வாரங்கள் சூரியனே உதிக்காத ஊர்கள் இருக்கின்றன. அங்கே ராகு என்ன செய்வார்? சம்பளமில்லா விடுப்பா? நானும் மீனாவும் இதைப் பேசிப் பேசிச் சிரித்திருக்கிறோம்.

எல்லாம் அமைத்து முடிக்கும்போது மீனா ஒன்று கேட்டாள். "அக்கா, ஏதோ கோளாறுல ஊர் பேரு வரலைன்னா என்ன ஆகும்?"

"நின்னுரும்."

"நிக்கக் கூடாதுக்கா. ஊர் பேரு வரலைன்னா நம்ம ஊரையே போட்டுருங்க. சீசன்ல நின்னுச்சுன்னா சித்தப்பா என்னைய உயிரோட விடமாட்டாக."

நான் சிவகாசி வீட்டுப் பெண். சீசனில் நிற்கக் கூடாது என்றால் எனக்குப் புரியும். ஒரே ஒரு வரி எழுதினேன்: ஊர் பெயர் வராவிட்டால் சிவகாசி.

3

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும்.

இந்த நாட்டுக்கு வந்ததும் பதிவு அலுவலகத்தில் பிறந்த ஊரைக் கேட்டார்கள். சிவகாசி என்றேன். அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தேடினார், கிடைக்கவில்லை. விருதுநகர் என்றேன், அதுவும் இல்லை. காலியாக விடமுடியாதாம், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். பட்டியலில் இருந்த சென்னையைத் தட்டிவிட்டு, 'பரவாயில்லையா?' என்று சிரித்தார். அன்றிலிருந்து நார்வே அரசின் கணக்கில் நான் சென்னைக்காரி. நான் கல்லூரிக்கு முன்னால் சென்னையைப் பார்த்ததே இல்லை. அங்கே யாராவது என்னைத் தெருப் பெயர் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். அதே அலுவலகம் என் அப்பா பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டது. பல் மருத்துவமனையில் என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

யாழினி விஷயம் வேறு மாதிரி. நானும் என் வீட்டுக்காரரும் விருதுநகர் ஜில்லா, வீட்டில் பேசுவதும் நம் ஊர்ப் பேச்சுத்தான். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களும் சக பிள்ளைகளும் முக்கால்வாசி யாழ்ப்பாணத்துக்காரர்கள். எங்கள் பெண்ணுக்கு எங்கள் தமிழ் ஒட்டவில்லை, அவர்கள் தமிழ்தான் ஒட்டிக்கொண்டது. போனில் மீனா, "என்ன தங்கம், என்ன செய்யுத?" என்று கேட்டால், "சும்மா இருக்கிறன் சித்தி, படம் பாத்துக்கொண்டு" என்பாள். மீனாவுக்குச் சிரிப்பு அடங்காது. "என்னக்கா, ஆமத்தூர்ப் பக்கம் பொண்ணு கொடுத்து எடுத்த குடும்பத்துல இப்படி ஒரு பிள்ளையா?" என்பாள். கொஞ்ச நாளில் யாழினி போனுக்கே வராமல் ஒதுங்கிவிட்டாள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவளுக்கு. தமிழில் பேசுவதே குறைந்து, என்னிடமும் நார்வே மொழியில் பதில் சொல்லத் தொடங்கினாள். அவள் பேசியதும் தமிழ்தானே, நான் மீனாவை அதட்டியிருக்கலாம், அதட்டாமல் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிழை என்று அன்றைக்கு அவள் தமிழில் சொன்னது எவ்வளவு நாள் கழித்து என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

4

பால் பாத்திரத்தைத் துடைக்காமலே மீனாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவு ஏழரை. பின்னால் மிஷின் சத்தம்.

"மீனா, தாள்ல சூரிய உதயம் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. ஆறு இருபத்தஞ்சு. நானும் பாத்தேன், அச்சுக் கோக்கிற அண்ணாச்சியும் பாத்தாரு. சரியாத்தான இருக்கு?"

அதுதான் விஷயம். சரிபார்த்தவர்கள் எல்லாரும் சிவகாசிக்காரர்கள். ஆறு இருபத்தைந்துக்குச் சூரியன் உதிப்பதில் சிவகாசிக்காரருக்கு என்ன தப்புத் தெரியும்? நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, ஒங்க ஊரு லோடு அடிச்சு முடிச்சு அட்டையில ஒட்டிட்டு இருக்கோம். ஜெர்மனி ஓடிட்டு இருக்கு."

"அதையும் எடுத்துப் பாரு."

பார்த்தாள். ஜெர்மனியிலும் சிவகாசிச் சூரியன். பினாங்கு இன்னும் ஓடவில்லை, கோப்பைத் திறந்தால் அதிலும் அதே. ஆனால் சர்வரில் மூன்றும் பச்சை.

நான் இங்கிருந்தே அந்தச் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை, கண்டுபிடித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வேலை நடக்கும்போது ஊர், வருடம், கடை பெயர் மாதிரியான விவரங்களைச் சுற்றுப்புறத்தில் எழுதி வைப்பதை எங்கள் தொழிலில் என்விரான்மென்ட் வேரியபிள் என்போம். சூழல் மாறி என்று தமிழில் எழுதுகிறார்கள், நல்ல சொல். முதல் வேலை 'ஊர் ட்ரோன்ஹைம்' என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது, அதனால்தான் அட்டை சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் சர்வர் துடைத்துச் சுத்தமாக்கிய புது அறை ஒன்றைத் திறக்கும். முதல் அறையின் சுவரில் எழுதியது அந்த அறையோடு போச்சு. இரண்டாவது வேலை தன் அறையில் கண் விழித்து, ஊர் எங்கே என்று பார்த்திருக்கிறது. இல்லை. இல்லாவிட்டால் சிவகாசி. நான் முதலில் என் வீட்டுக் கணினியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரே அறையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டவள். அங்கே எழுதியது அழியாமல் இருந்திருக்கிறது.

மீனாவுக்கு இதை எப்படி விளக்க? அவள் வீட்டுக்காரர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்.

"உன் வீட்டுக்காரரு கம்பெனியில மருந்து கலக்குற ரூம்பும் திரி வைக்கிற ரூம்பும் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்காக?"

"ஒண்ணுல ஏதும் ஆச்சுன்னா இன்னொண்ணுக்குப் போகக் கூடாதுன்னு."

"இதுவும் அப்படித்தான். ஒரு வேலை செஞ்ச கோளாறு இன்னொரு வேலைக்குள்ள போகக் கூடாதுன்னு தனித்தனி ரூம்பு."

"அப்ப முத ரூம்புக்காரன் சொன்னது அடுத்த ரூம்புக்காரனுக்குக் கேக்காது." மீனாவே தொடர்ந்தாள். "கையில குடுத்து அனுப்பணும்."

"நான் அதத்தான் செய்யல."

"அம்புட்டுத்தானா? எல்லா ரூம்புக்கும் பொதுவா வாசல்ல ஒரு போர்டு வச்சு ஊர் பேர எழுதிப் போட்டா என்னக்கா?"

நல்ல கேள்வி. எங்கள் ஆபீசிலும் ஆளாளுக்குக் கேட்பார்கள். சர்வருக்கே பொதுவாக ஒரு இடம் உண்டு, அதில் எழுதினால் எல்லா வேலைக்கும் தெரியும். "மூணு ஆர்டரும் ஒரே நேரத்துல ஓடுதேம்மா. பினாங்குன்னு ஒருத்தன் எழுதிட்டுப் போவான், அடுத்தவன் வந்து அழிச்சு ட்ரோன்ஹைம்னு எழுதுவான்."

"அப்ப பினாங்குல பத்து மணிக்கு விடியும்" என்று சொல்லி மீனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, சித்தப்பாகிட்ட என்ன சொல்லுவேன்?"

அன்றைக்கே இரண்டையும் திருத்தினேன். முதல் வேலை ஊர் பெயரை ஒரு சின்னக் கோப்பில் எழுதி அடுத்த வேலையின் கையிலேயே கொடுக்கும், ஒவ்வொரு ஆர்டருக்கும் அதனதன் கோப்பு. சிவகாசி என்ற வரியை எடுத்துவிட்டேன். இனி ஊர் பெயர் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். மீனாவிடம் சொன்னேன். "நிக்கட்டும்" என்றாள். சீசனில் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மிஷின் சும்மா இருக்க வேண்டாமென்று ஜெர்மனித் தட்டைக் கழற்றிவிட்டு உள்ளூர் ஜவுளிக் கடைக் காலண்டரை மாட்டச் சொல்லியிருந்தாள்.

5

ஒரு சபலம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யார் சூரிய உதயம் பார்க்கிறார்கள்? அப்படியே அனுப்பிவிட்டால்? அந்தக் கேள்வியோடு சாயங்காலம் குணா அண்ணன் கடைக்குப் போனேன். காலண்டர் கேட்டவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் கிடைக்கிற ஒரே கடை அவருடையது. காலண்டரைக் கையில் வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இது சரிவராது தங்கச்சி" என்றார் உடனே. "ஊர் நேரம் போட்ட காலண்டர் வேணுமெண்டால் நான் கொழும்பிலயே எடுத்திருப்பன். போன வருசம் அதைத்தான் வித்தனான். இங்க அம்மாமார் விரதத்துக்கு நேரம் பாக்கிறவை. நாலரை மணித்தியாலம் கூட்டிறதோ கழிக்கிறதோ எண்டு கடையில நிண்டு சண்டை. இந்த ஊர் நேரம் வேணும் எண்டுதான் உங்கட தங்கச்சியிட்டக் கேட்டனான்."

"புதுசா அடிச்சு அனுப்பினா ரெண்டு வாரம் பிந்தும் அண்ணன்."

"பிந்தினாப் பரவாயில்லை. பிழையா வரக் கூடாது."

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மீனா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே பகல் பன்னிரண்டரை. அவளுக்குப் பின்னால் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். காலையிலேயே எல்லாவற்றையும் அவளே அவரிடம் சொல்லிவிட்டாள். ஒட்டி முடித்த காலண்டர் கட்டுகள் அவர் பின்னால் அடுக்கியிருந்தன.

"இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "காயிதமும் போச்சு, மையும் போச்சு, வேலையாளுக பொளப்பும் போச்சு. ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும்னு போட்டா அதுல என்னத்தா தப்பு? எந்த ஊர்லயும் காலையிலதான உதிக்கும்?"

எனக்கு வாதாடத் தோன்றவில்லை. போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினேன். காலை எட்டு மணி, வெளியே கன்னங்கரேலென்று இருட்டு. தெருவிளக்கின் கீழே ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா போனை மீனா கையிலிருந்து வாங்கி முகத்தின் அருகே கொண்டுபோனார்.

"இது எப்ப எடுத்த படம்?"

"இப்பத்தான் சித்தப்பா. இந்த நிமிஷம்."

"அங்கன மணி எத்தனை?"

"காலைல எட்டு."

"எப்பத்தான் விடியும்?"

"ஒன்பதேகாலுக்கு. டிசம்பர்ல பத்து ஆயிரும்."

அவர் அச்சகத்து வாசல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். "அப்ப அங்கன பிள்ளைக இருட்டுக்குள்ளயா பள்ளிக்கூடம் போகுதுக?"

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற யாழினி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஓம் தாத்தா. வரும்போதும் இருட்டு."

மீனா சிரிக்கவில்லை. சித்தப்பாவும் சிரிக்கவில்லை. அவருக்குக் கேள்விக்கு மேல் கேள்வி. கோழி எப்போது கூவும், ஆடு மாடு எப்படித் தூங்கும், துணி எப்படிக் காயும், ஜூனில் பதினொன்றரை வரை வெளிச்சம் என்றால் இவள் எப்படித் தூங்குவாள். யாழினி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கோழியைப் பற்றி மட்டும் தெரியாது என்றாள்.

கடைசியில் அவர் கணக்குக்கு வந்தார். "சரி. புதுத் தட்டு எடுங்க. ஆனா ஒண்ணு. போன தடவையும் கம்ப்யூட்டரு பச்சை வெளக்குத்தான் காட்டுச்சு. இந்தத் தடவையும் அதையேதான் காட்டும். அதை நம்பி நான் இன்னொரு மட்டம் காயிதத்தத் தொலைக்க முடியாது. கண்ணால பாத்துச் சொல்ல ஆளு வேணும்."

"நான் பாக்கிறன் தாத்தா" என்றாள் யாழினி.

"நல்லா இருப்ப தாயி. நாளைக்கு சூரியன் வந்த ஒடனே எனக்குப் போன் போடு. அடுத்த வருசத்து அதே தேதித் தாள்ல இருக்கிற நேரமும் நீ சொல்லுத நேரமும் ஒத்துப் போச்சுன்னா மூணு ஊரையும் ஓட்டுவோம். ஒத்துப் போகலைன்னா மீனா, அந்த ரூம்பக் காலி பண்ணிக் குடுத்துரு. அம்புட்டுத்தான்."

6

நவம்பர் மாதத்து ட்ரோன்ஹைமில் சூரியன் உதிப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. வாரக்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும். வானிலை அறிக்கையைப் பார்த்தேன், மேகமூட்டம். சித்தப்பாவிடம் இணையத்தில் எல்லா ஊர்ச் சூரிய உதயமும் கிடைக்கும், அதை வைத்து ஒப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் கம்ப்யூட்டர்தானே என்றுவிட்டார். என் வீட்டுக்காரர், காலண்டர் அட்டையில் இருந்த முருகனுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் யாழினி பதினோரு மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு எட்டரைக்கே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, தென்கிழக்கில் தாழ்ந்த மலைகள் வரிசையாகத் தெரியும். சாம்பல் நிறமாக இருந்தது வானம். அந்தக் கடைசி அரை மணி நேரம் நான் பத்துத் தடவை ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். மீனாவின் அறை ஒரு மேகத்தை நம்பி நிற்கிறதே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மீனா குறுஞ்செய்தி அனுப்பினாள். புதுத் தட்டை மாட்டியாகிவிட்டது. மிஷின் நிற்கிறது. வேலையாட்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சித்தப்பா ஸ்டூலைப் போட்டு மிஷினுக்குப் பக்கத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஓட்டவும் விடவில்லை, வேறு தட்டை மாட்டவும் விடவில்லை. அதைப் படித்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்காக நிற்காத மிஷின் அது.

ஒன்பதேகால் ஆனது. ஒன்றும் தெரியவில்லை. மலை மறைப்பதால் கொஞ்சம் பிந்தும் என்று நான் யாரிடமோ சொல்வது போலச் சத்தமாகச் சொன்னேன். யாழினி வாயில் விரலை வைத்து என்னை அடக்கினாள். இன்னும் சில நிமிடங்களில் மலைக்கு மேலே மேகம் ஒரு சாண் அகலத்துக்கு விலகி, அந்த இடைவெளியில் சிவப்பாக ஒரு விளிம்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விளிம்புதான்.

அவள் என் போனை எடுத்து, பெயரைத் தேடி, தானே அழைத்தாள். இந்தியாவுக்கு அவளாகப் போன் செய்தது அதுவரை கிடையாது.

"தாத்தா, இப்ப வந்திட்டுது."

"மணி என்ன தாயி?"

"ஒன்பது இருபத்திரண்டு. இங்க மலை இருக்கு, அதாலதான் கொஞ்சம் பிந்தினது."

"மலை இருந்தா பிந்தத்தான் செய்யும்." அவர் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு போனை விலக்காமலே ஒரு கத்தல். "ஏலே, ஓட்டுங்கலே!"

மிஷின் ஓடத் தொடங்கிய சத்தம் எங்கள் சமையலறை முழுக்கக் கேட்டது. அதற்கு மேல் மீனா என்னவோ கத்திச் சிரிப்பதும் கேட்டது. நான் பேசக் கை நீட்டினேன். யாழினி போனைத் தரவில்லை. அந்தப் பக்கம் சித்தப்பா, "சாப்பிட்டியா தாயி? அந்தக் கோளி விசயம் கேட்டேனே, விசாரிச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் தாத்தா, விசாரிச்சனான், நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்கப் பார்த்தேன். வெகுநேரம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் வந்தது. என்ன பேசினீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன், இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.